ஏழு பழக்கங்களும் எட்டு லிங்கங்களும்

எனக்கு நாற்பத்தெட்டு வயது நடந்தபோது என் ஞாபகசக்தி என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கேஷுவல் லீவு எடுக்க ஆரம்பித்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. அதற்கு முந்தைய பத்து வருஷம் என் மூளை திருவண்ணாமலையிலேயே பேர்போன மூளையாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் என் மனைவியும் நம்பமாட்டாள்.

தாலுக்கா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் நான் கிளார்க். எழுபதுகளில் எந்த ஃபைல் எந்த அலமாரியில் எத்தனாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எந்த ஃபைலைக் கரையான் எதுவரை படித்து முடித்திருக்கிறது என்பதும் தெரியும். தாசில்தார்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். ஒவ்வொருவரும் முதல் வாரத்தில் என்னைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். மூன்றாவது வாரத்தில் நான் இல்லாமல் ஒரு காகிதம் நகராது என்று தெரிந்துகொள்வார்கள். இந்தப் பெருமையில்தான் நான் வீட்டில் எந்த வேலையும் செய்யாமல் இருபது வருஷம் காலம் தள்ளினேன்.

முதலில் சைக்கிள் போனது. மார்க்கெட்டுக்கு சைக்கிளில் போய்விட்டு, கத்தரிக்காயோடு நடந்து வீட்டுக்கு வந்து, வாசலில் சைக்கிளைக் காணோம் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஏட்டு அதை மார்க்கெட் வாசலில் கண்டுபிடித்து, தள்ளிக்கொண்டு வந்து விட்டார். திருடன் மனம் திருந்தி, மார்க்கெட் வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான் போல என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

சைக்கிளோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. அடுத்தது போஸ்ட் கார்டு.

எங்கள் ஒரே பெண்ணுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. செங்கம் பக்கத்திலிருந்து ஒரு வரன். இன்ன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று எழுதி, பொறுப்பானவன் ஆயிற்றே என்று என் ஆபீஸ் விலாசத்துக்கே கார்டு போட்டிருந்தார்கள். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. தொலைந்துவிடக் கூடாதே என்று அதைப் பத்திரமாக வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாங்கள் குடும்பத்தோடு மேட்னி ஷோவில் முறுக்கு தின்றுகொண்டிருந்தோம். கார்டு நான்கு மாதம் கழித்து, ஒரு கிணற்றுப் பங்குத் தகராறு ஃபைலில், இருபத்தேழாவது பக்கத்துக்கும் இருபத்தெட்டாவது பக்கத்துக்கும் நடுவில், நூல் கோத்துக் கட்டிய நிலையில் கிடைத்தது. தாசில்தார் அதை உரக்கப் படித்துவிட்டு, வாதிக்கா பிரதிவாதிக்கா, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் சொன்னது ஒன்றுதான்.

"உங்கப்பாவும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு."

என் அப்பா கடைசி இரண்டு வருஷம் என்னைப் பார்த்து, யாருங்க நீங்க, உள்ள வாங்க என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அதுவரை என்னை அவர் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. நான் அதை ஜோக்காகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மனைவி சொன்ன பிறகு அந்த ஜோக்குக்கு எனக்கே சிரிப்பு வரவில்லை.

கார்டு கிடைத்த மூன்றாவது மாதம் என் மச்சான் மூலமாக அடுத்த வரன் வந்தது. கீழ்பென்னாத்தூர் குடும்பம். பையன் பேங்கில் வேலை. அப்பா ரிட்டயர்டான ஹெட்மாஸ்டர். ஜாதகம் பொருந்தியது. போட்டோ போயிற்று, போட்டோ வந்தது. என் பெண் போட்டோவைத் திருப்பிக் கொடுக்காமல் தன் கணக்குப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள் என்பதிலிருந்து அவள் முடிவு தெரிந்தது. இனி முடிவு செய்யவேண்டியது அவர்கள்தான். ஒரு மாதத்தில் வருவதாகச் சொன்னார்கள். மனைவி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த இடம் தட்டிப்போனால் தான் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடப் போவதாகவும், போய்விட்டதை நான் கவனிக்க ஒரு வாரம் ஆகும் என்பது தனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். என் அப்பா விஷயம் அவர்கள் காதுக்குப் போகக் கூடாது. என் விஷயம் போகவே கூடாது. இதுதான் ஆர்டர்.

மூளையைச் சரிசெய்ய ஒரு மாதம் டைம்.

வழி எனக்கு சலூனில் கிடைத்தது. தேரடித் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில் பழைய வாரப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதில் ஒன்றில், வயதானாலும் மூளையைக் கூர்மையாக வைத்திருக்கப் பத்துப் பழக்கங்கள் என்று ஒரு கட்டுரை. எனக்காகவே எழுதினது போல இருந்தது. ஏழு வரைக்கும் படித்தேன். அதற்குக் கீழே பக்கம் இல்லை. சலூன்காரர் கத்தியில் ஒட்டின சோப்பு நுரையைத் துடைக்கப் பத்திரிகையைத்தான் கிழிப்பார். எட்டும் ஒன்பதும் பத்தும் யாருடைய தாடியோடோ போய்விட்டன. ஏழு போதாதா என்றேன். உங்க மூளைக்கு அஞ்சே ஜாஸ்தி என்றார் அவர். இருபது வருஷமாக என் தலையை வெளியிலிருந்து பார்ப்பவர், உள்ளேயும் ஓரளவு தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையிலிருந்து இடது கையால் பல் தேய்த்தேன். பழக்கமில்லாத கையால் வேலை செய்தால் மூளையின் தூங்குகிற பாதி எழுந்துகொள்ளுமாம். மூளை எழுந்ததோ என்னவோ, ஈறு எழுந்துகொண்டது. நான் விடவில்லை. சட்டைப் பொத்தான், சாவி, சீப்பு, காபி டம்ளர் எல்லாம் இடது கைக்கு மாற்றினேன். ஆபீஸில் இடது கையால் கையெழுத்துப் போட்டதில் ஒரு பட்டாதாரரின் சிட்டா செல்லாமல் போய், அவர் இரண்டு முறை பஸ் ஏறி வந்தார்.

வல்லாரைக் கீரை மூன்று வேளையும். காலையில் துவையல், மதியம் பொரியல், சாயங்காலம் பச்சையாகவே மெல்லுவேன். எங்கள் தெருவில் கட்டியிருந்த ஆடு ஒன்று என்னைச் சொந்தக்காரனைப் போலப் பார்க்க ஆரம்பித்தது. பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாகச் சொல்லிக்கொண்டே குளித்தேன். புது பாஷை கற்றுக்கொள்ளச் சொன்னதால் தெலுங்கை எடுத்துக்கொண்டேன். பத்து நாளில், கோயிலுக்கு வழி கேட்ட ஆந்திராக்காரர்களை மிகுந்த நம்பிக்கையோடு மாட்டுச் சந்தைக்கு அனுப்பும் அளவுக்குத் தேறினேன். படுக்கையில் அன்றைய நாளைப் பின்னாலிருந்து முன்னால் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஐந்தாவது. ராத்திரி சாப்பாட்டிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவதற்குள் தூங்கிவிடுவேன்.

அந்த நாளில் எங்கள் ஊருக்கு வெள்ளைக்காரர்கள் நிறைய வர ஆரம்பித்திருந்தார்கள். கப்பல் ஏறி, விமானம் ஏறி வந்து, மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்து, மனசில் இருப்பதையெல்லாம் காலி செய்யப் பாடுபடுவார்கள். நான் அவர்களைத் தாண்டி, கையில் வல்லாரையோடு, வாய்ப்பாடு முணுமுணுத்துக்கொண்டு போவேன். அவர்களில் ஒருவராவது என்னிடம் வந்து கேட்டிருந்தால் பைசா செலவில்லாமல் சொல்லிக் கொடுத்திருப்பேன். எனக்கு அது தானாகவே வந்தது.

ஆறாவது பழக்கம், முன்பின் தெரியாதவர்களிடம் மனம்விட்டுப் பேசுவது. ஏழாவது, பழகின பாதையில் எதிர்த்திசையாக நடப்பது. இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னைக் கவிழ்த்தன.

எனக்குப் பழகின நடைபாதை என்று ஒன்று இருந்தால் அது மலை சுற்றுகிற பாதைதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில் செருப்பில்லாமல் கிளம்பி, வலமாக, எட்டு லிங்கத்துக்கும் ஒரு கும்பிடு போட்டு, ஒன்பது மணிக்கு வீட்டில் இட்லி. சின்ன வயசிலிருந்து பழக்கம். பத்திரிகை சொல்லிவிட்டதே என்று அந்த ஞாயிற்றுக்கிழமை இடமாகக் கிளம்பினேன். இந்தப் பூமியில் வேறு எந்த ஊரில் வேண்டுமானாலும் ஒரு மனிதன் ரோட்டில் எந்தப் பக்கமாகவும் நடக்கலாம். எங்கள் ஊரில் மலையை இடமாகச் சுற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் எதிரே வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்று, பாவம், யாருக்குக் காரியமோ என்று பேசிக்கொண்டு போனார்கள். ஒரு சாமியார் என் தோளைப் பிடித்து, குழந்தையைத் திருப்புவது போல மெதுவாகத் திருப்பி விட்டார். அவர் போகும்வரை சரியான பக்கம் நடந்துவிட்டு மறுபடியும் திரும்பிக்கொண்டேன். பால்காரர் ஒருவர் சைக்கிளில் போகிற போக்கில், மலை அந்தப் பக்கமும் அதே மலைதான் சார் என்று தகவல் சொன்னார்.

அடி அண்ணாமலையில் டீக்கடையைத் தாண்டியபோதுதான் அந்த அதிசயம். எனக்கு முன்னால் இன்னொருவர் இடமாகப் போய்க்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. அறுபதைத் தாண்டியவர். நான் எட்டி நடந்து அவரோடு சேர்ந்துகொண்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இந்த ஆளுக்குக் கொஞ்சம் சரியில்லை என்று இருவர் முகத்திலும் எழுதியிருந்தது.

அவரே முதலில் விளக்கம் சொன்னார். அவர் வலமாகத்தான் வந்திருக்கிறார். அடி அண்ணாமலையில் டீ குடிக்கும்போது ஒரு சந்தேகம் தட்டியிருக்கிறது: நிருதி லிங்கம் பார்த்தோமா இல்லையா? யம லிங்கம் ஞாபகம் இருக்கிறது, வருண லிங்கம் ஞாபகம் இருக்கிறது. நடுவில் நிருதி துடைத்துவிட்டாற்போல் இல்லை.

"திரும்பி நடந்தா தோஷம். ஒரு லிங்கத்த விட்டுட்டா அதவிட பெரிய தோஷம்," என்றார். "எது கம்மின்னு யோசிச்சேன் சார். அதான் திரும்பிட்டேன்."

பார்த்திருப்பீர்கள், விபூதி இருக்கிறதே என்றேன். அவர் நெற்றியைத் தடவிப் பார்த்து, இது எந்த லிங்கத்து விபூதி என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நிருதி லிங்கம் வரைக்கும் ஒரு மணி நேர நடை. எனக்கோ ஆறாவது பழக்கம் பாக்கி இருந்தது. இதைவிட முன்பின் தெரியாதவர் எங்கே கிடைப்பார்? மனம் விட்டேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் விட்டேன். சைக்கிள், ஏட்டு, கிணற்றுத் தகராறு ஃபைலில் கோத்த போஸ்ட் கார்டு, எல்லாம். அப்பா என்னை உள்ளே வாங்க என்று கூப்பிட்டதையும் சொன்னேன். எனக்கும் அதே வந்துவிடும் போலிருக்கிறது என்று, மனைவியிடம் கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

"பொண்ணுக்கு ஒரு எடம் வந்திருக்குங்க," என்றேன். "அவங்களுக்கு மட்டும் இது தெரியாம பாத்துக்கணும்."

அவர் குடையால் ஒரு கல்லைத் தள்ளிவிட்டார். தன் வீட்டிலும் யாருக்கும் தெரியாது என்றார். போன மாதம் சொந்த ஊரிலேயே பஸ் விட்டு இறங்கி வேறு தெருவில் நின்றுகொண்டிருந்தாராம். வீட்டில் தெரிந்தால் தனியாக வெளியே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வருவது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருக்கிற சந்தோஷம், அதுவும் போய்விடும்.

நிருதி லிங்கத்தில் இருந்த பூசாரி அவரைப் பார்த்ததும், என்ன சார், மறுபடியும் வந்திருக்கீங்க என்று கேட்டார். விஷயம் தீர்ந்தது. இருவரும் கும்பிட்டோம். அவர் வலமாகத் திரும்பினார், நான் இடமாகவே போனேன். பேரைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டாலும் மறந்துவிடுவோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நாள், நேரம் எல்லாம் மனைவி சமையலறைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தாள். நான் துவைத்த வேட்டியில் வாசலில் நின்றேன். முதலில் என் மச்சான் இறங்கினார். அப்புறம் பையன். அப்புறம் பையனுடைய அம்மா. கடைசியாக ஒரு குடை வெளியே வந்தது, அதன் பின்னால் அதைக் கக்கத்தில் வைத்திருந்தவர்.

ஹெட்மாஸ்டர் என்று மச்சான் அறிமுகம் செய்தார். அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கழுவி வைத்த தட்டு போல இருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஒரு மாதமாக என் ஞாபகசக்திக்காக எட்டு லிங்கத்தையும் வேண்டியவன் நான். அந்த நிமிஷத்தில் அத்தனை வேண்டுதலையும் வாபஸ் வாங்கிக்கொண்டு, இந்த மனிதருடைய ஞாபகத்தை மட்டும் எடுத்துக்கொள் அண்ணாமலையாரே என்று வேண்டினேன். மறந்திருந்தால் என் பெண்ணுக்குக் கல்யாணம். ஞாபகம் இருந்தால், அவள் அந்தப் போட்டோவைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். பக்கத்து அறையில் அவள் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மனைவி சொஜ்ஜி பஜ்ஜித் தட்டை என்னிடம் கொடுத்து, கொண்டுபோய்க் கொடுங்க என்று கண்ணைக் காட்டினாள். பதற்றத்தில் நான் நேராகப் பையனுடைய அம்மாவிடம் போய், பணிவாகக் குனிந்து, தட்டை நீட்டினேன். இடது கையால்.

முதல் பழக்கம் அவ்வளவு நன்றாகப் பிடித்துப்போயிருந்தது. மச்சான் கூரையைப் பார்த்தார். அந்த அம்மாள் தட்டை வாங்கவில்லை. நான் கை மாற்றிக் கொடுத்த பிறகும் பஜ்ஜியைத் தொடவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு மனைவியிடம் திரும்பினாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. சம்பந்தம்னு வந்தா கேட்டுக்கணும் இல்லீங்களா. உங்க மாமனாரு கடைசில ஒரு மாதிரி ஆயிட்டாருன்னு சொன்னாங்க. பெத்த புள்ளையையே தெரியலையாமே?"

வயசான தளர்ச்சிதான் என்று மனைவி ஒப்பித்தாள். ஒரு மாதமாக வைத்திருந்த பதில். ஆனால் அந்த அம்மாளின் பார்வை என் இடது கையை விட்டு நகரவில்லை.

"இவரு நல்லா இருக்காரு இல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். அவர் பஜ்ஜியை நிதானமாக மென்று முழுங்கினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாபகம் தப்பறது ஒரு விஷயமா," என்றார் தன் மனைவியிடம். "போன ஞாயித்துக்கெழம நான் நிருதி லிங்கம் பாத்தேனா இல்லையான்னு தெரியாம அடி அண்ணாமலைலேர்ந்து திரும்பி நடந்தேன்."

அந்த அம்மாள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "எடமாவா?"

"எடமாத்தான். போன மாசம் நம்ம ஊர்லயே வேற தெருவுல எறங்கி நின்னேன். உன்கிட்ட சொல்லல. என்னை என்ன பண்ணலாம் சொல்லு, பையனுக்கு வேற அப்பன் பாக்கலாமா?"

பையன் சிரித்துவிட்டான். உள்ளே வளையல் சத்தம் நின்றது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அந்த நிலையில் அவ்வளவு தூரம் தனியாகவா நடந்தீர்கள், வழியில் ஏதாவது ஆகியிருந்தால் என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"தனியா இல்ல. யாரோ ஒரு மனுஷன் கூடவே வந்தாரு. நல்ல மனுஷன். நிறைய பேசினாரு." ஹெட்மாஸ்டர் நேராக என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேரு கேக்கல. மூஞ்சியும் ஞாபகம் இல்ல. என்ன பேசினாருன்னும் ஞாபகம் இல்ல."

அந்த அம்மாள் பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, இனிமேல் ஒரு இடமும் தனியாகப் போகக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டு, பஜ்ஜி ஒன்றை எடுத்துக் கடித்தாள். பொண்ணைக் கூப்பிடுங்க என்றாள்.

அவர்கள் போனபிறகு மனைவி என் எதிரே வந்து நின்று, அந்த யாரோ ஒருத்தர் நீங்கதானே என்று கேட்டாள். எனக்கு ஞாபகமில்லை என்றேன். ஒரு மாதத்தில் முதல்முறையாக அவள் அதை நம்பவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தாலி எடுத்துக் கொடுத்தது முதல் மொய் எழுதினது வரை எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சம்பந்தியையும் பக்கத்து நாற்காலியில் அதே மாதிரி உட்கார வைத்திருந்தார்கள்.

தனியாகப் போகக் கூடாது என்ற உத்தரவை சம்பந்தியம்மாள் இன்றுவரை தளர்த்தவில்லை. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் அவரைக் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏற்றி விடுவார்கள். இங்கே பஸ் ஸ்டாண்டில் என் மனைவி என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவரை இறக்கிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாங்கள் இருவரும் மலை சுற்றுகிறோம், வலமாக. வல்லாரையை விட்டுவிட்டேன்; ஆடு வருத்தப்பட்டது. ஒவ்வொரு லிங்கத்திலும் ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வது சம்பந்தி கண்டுபிடித்த முறை. முடிவில் எட்டுக் கல் இருக்க வேண்டும்.

போன வாரம் ஒன்பது இருந்தது. எது ஜாஸ்தி என்று இருவரும் இட்லி ஆறும்வரை யோசித்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று, இந்த வாரம் மறுபடி ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.